இரண்டு நூல் மரம்

பத்தரைக்கு வருகிறானாம், போன் வந்ததாம். மணி ஒன்பதே முக்கால்தான் ஆகிறது, நான் எட்டு மணியிலிருந்து இந்தக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுக் கை சுடுகிற வரைக்கும் தேய்க்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் மரம் எண்ணெயைக் குடிக்கும், துணியால் தேய்த்தால் மேலோடு நின்றுவிடும். காஷ்மீரத்து அக்ரூட் மரம், ஆறு வருஷம் பரணில் கிடந்து காய்ந்தது, பழுப்பு நிறத்தில் கறுப்பு வரி ஓடுகிறது, பார்க்கிறவன் எவனும் ஒரு தடவை தடவாமல் போகமாட்டான். தடவட்டும். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாசாரம் இல்லை நான் இதில் செய்திருப்பது. கன்னம் படுகிற மேட்டில் இரண்டு நூல் மரம் கூடுதல். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், தச்சு வேலைக்காரன் கதவிலோ ஜன்னலிலோ இரண்டு நூல் விட்டால் இழைத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம், இரட்டைக்குழல் துப்பாக்கியில் விட்டால் நாற்பது கஜத்தில் பறவைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் போகும் குண்டு. ஒவ்வொரு தடவையும் போகும். அவன் சாகிற வரைக்கும் போகும். பதினோரு மாசம் உட்கார்ந்து ஒரு துப்பாக்கியைச் செய்து அதில் இப்படி ஒரு காரியத்தை வைத்திருக்கிறேன், முப்பத்தொரு வருஷ சர்வீஸில் தெரிந்தே செய்த இரண்டாவது அயோக்கியத்தனம் இது. முதலாவதும் இவனுக்காகச் செய்ததுதான்.

அளவு அட்டை எதிரே ஆணியில் தொங்குகிறது. குலசேகரன், எஸ்டேட், அப்புறம் எண்கள், என் கையெழுத்து, பத்து வருஷத்துக்கு முந்தின மசி. சட்டைக்கு அளவெடுப்பதுபோலத்தான் இதற்கும், கை நீளம், கழுத்து உயரம், தோள் அகலம், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கன்னத்தின் சதை. துப்பாக்கி சுடுகிறவன் குறி பார்ப்பதில்லை, பறக்கிற கவுதாரியைக் குறி பார்த்துக்கொண்டு நின்றால் அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும், தூக்கித் தோளில் வைத்துக் கன்னத்தை ஒட்டின உடனே கண் தானாகக் குழலுக்கு நேரே வந்து உட்கார வேண்டும், அப்படி உட்கார வைப்பது கட்டையின் வேலை, அதாவது என் வேலை. மேடு தாழ்ந்தால் கண் குழலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும், உயர்ந்தால் மேலே ஏறிக்கொண்டு நிற்கும். குழல் இரண்டும் சீமையிலிருந்து வரும். பூட்டு, விசை, கட்டை மூன்றும் என் கை. மேலே ஓடுகிற கொடியும் பூவும் பொறிப்பது வேறொருவர், பேர் மட்டும் முதலாளி தாமோதரத்துடையது. போகட்டும், பேருக்காக நான் அழவில்லை. போன வருஷம் குலசேகரனிடமிருந்து கடிதம் வந்தது, உடம்பு சரியில்லை, அளவு கொடுக்க வர முடியாது, பழைய அளவிலேயே ஒன்று செய்யுங்கள், வையாபுரி கையால்தான் வேண்டும் என்று. வையாபுரி கையால்தான் வேண்டுமாம். அந்தக் கடிதத்தை முதலாளி என்னிடம் வாசித்துக் காட்டினார், பெருமையாக வாசித்தார், வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மடித்து வைத்தார். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அரத்தை எடுத்துக் கன்ன மேட்டை இறக்கிக்கொண்டே வந்தேன், அட்டையில் இருக்கிற அளவுக்கு இரண்டு நூல் இருக்கும்போது கை நின்றுவிட்டது. நின்றதை நானும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் வந்து அப்படியே உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிட்டேன்.

ஆனால் கட்டை மட்டும் போதாது, இன்றைக்கு என் வாயும் வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். துப்பாக்கி முடிகிற கட்டத்தில் வாங்குகிறவர் வந்து நின்று தோளில் வைத்துப் பார்ப்பார், மூன்று தப்படி தள்ளி நான் எதிரே நிற்பேன், என் வலது கண்ணைப் பார்த்து நீட்டுங்கள் என்பேன். குழல் இரண்டும் என் முகத்துக்கு நேரே நிற்கும், அதன் மேலே ஓடுகிற நடுப்பட்டைக்கு அந்தப் பக்கம் அவர் கண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் பார்ப்பேன். கண்ணாடி வைத்துப் பார்க்கிற இடங்கள் உண்டு, நாங்கள் கண்ணைக் கொடுக்கிறோம். எத்தனை பேர் என் கண்ணுக்கு நேரே துப்பாக்கி நீட்டியிருப்பார்கள், ஐந்நூறு இருக்கும், எல்லோரும் கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் நீட்டுவார்கள், எதிரே நிற்பவன் கண்ணில் துப்பாக்கி வைப்பது என்றால் மனுஷனுக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வருகிறதோ தெரியவில்லை. கொடுப்பதற்கு முன்னால் திறந்து இரண்டு துளையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். பார்த்த பிறகும் பயம் இருக்கும், எதிரே நின்றதும் பார்த்தோமா பார்க்கவில்லையா என்று ஆகிவிடும். இன்றைக்கும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். மறந்துவிடக்கூடாது. அவன் எதிரில் நான் மறந்துவிட்டால், சே, பட்டறைக்குள் தோட்டாவே கிடையாது, மேலே ஆபீஸ் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அது இல்லை விஷயம். கண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உலகத்தில் எதிரே நிற்கிற ஒருவனுக்குத்தான் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. நீட்டுகிறவனுக்கும் தெரியாது, பட்டறையில் நின்று நிதானமாக வைக்கும்போது தன்னை அறியாமல் கன்னத்தை அழுத்தி நேராக்கிக்கொள்வான், காட்டில் பறவை எழும்பும்போது அழுத்த எங்கே நேரம். ஆகவே இன்றைக்கு அவன் கண் இரண்டு நூல் மேலே நிற்பதை நான் பார்ப்பேன், பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்பேன். அவ்வளவுதான் என் பாகம்.

அன்றைக்கும் இப்படி ஒரு வார்த்தைதான். எட்டு வருஷத்துக்கு முந்தின தை மாசம், மலையடிவாரத்தில் கவுதாரி வேட்டை, இவனும் இவனுடைய ஆட்கள் மூன்று பேரும். பெரிய ஆட்கள் வேட்டைக்குப் போனால் துப்பாக்கிக்குத் தோட்டா போட்டுக் கொடுக்கப் பட்டறையிலிருந்து ஒரு ஆள் போக வேண்டும். நாச்சிமுத்து போனான். என் மனைவி மாராத்தாளின் தம்பி, என் பக்கத்துப் பட்டறை மேசை, இருபத்தாறு வயசு, அரம் பிடித்தால் சத்தம் வராது அவன் கையில். அன்றைக்கு நான் போக வேண்டிய முறை, எனக்குக் காய்ச்சல், காய்ச்சல் என்று கூடச் சொல்ல முடியாது, ஜலதோஷம். தாழப் பறக்கிற பறவை பின்பக்கம் திரும்பினால் விட்டுவிட வேண்டும், துப்பாக்கி பிடிக்கிற எவனுக்கும் முதல் பாடம் அது. இவன் விடவில்லை, குழலை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டு போனான், காலையிலேயே குடித்திருந்தான், பின்னால் இரண்டு தப்படியில் இன்னொரு துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டு குத்தவைத்திருந்தான் நாச்சிமுத்து. இரண்டு தப்படியில் சிதறல் ஏது, மொத்தமாகப் போகும். நான் போய்ப் பார்த்தேன். வேண்டாம், அதைப் பற்றி வேண்டாம். எண்ணெய் இன்னும் ஒரு சொட்டு விடலாம். மறுநாள் காலை அந்தத் துப்பாக்கி இங்கே வந்தது, இதே மேசைக்கு, முதலாளி எடுத்து வந்து வைத்தார், இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வருகிறார், கையில் வாங்கிப் பார்ப்பார் என்றார், போனவன் போய்விட்டான், இவர் உள்ளே போனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றார், பட்டறை லைசென்ஸ் இவர் அண்ணன் தயவில் இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“கொக்கி தேஞ்சிருந்துச்சு, மூடும்போதே வெடிச்சிருச்சுன்னு சொன்னாப் போதும் வையாபுரி. நீதான் அந்தப் பூட்டைப் பண்ணினவன். நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.”

சொன்னால் போதாது, இருக்கவும் வேண்டுமே. சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியைக் கழற்றினேன். துடைத்து வைத்த வெள்ளிபோல இருந்தது, விளிம்பு கத்தியாக நின்றது, இன்னும் அறுபது வருஷம் நழுவாது, நான் செய்த கொக்கிகளிலேயே அதுதான் நல்லது என்று அன்றைக்கு அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, அந்த நேரத்தில்கூட. நைஸ் அரத்தை எடுத்து மூன்று இழுப்பு. மூன்றே இழுப்பு. அது நாச்சிமுத்துவின் அரம், என் அரம் கைக்கு எட்டவில்லை, எழுந்து போய் எடுக்கவில்லை. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேட்டார், நான் சொன்னேன், அவர் பூட்டைத் திறந்து பார்த்தார், ஆமாம் தேய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். விபத்து. எனக்கு அடுத்த மாசம் ஒரு நிரந்தர உத்தரவு வந்தது, அதுவரைக்கும் நான் தற்காலிகம். பயந்துதான் செய்தேன் என்று எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயம்தான். வேறென்ன. பயப்படுகிற மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வான், அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, நான் கெட்டவன் இல்லை, பயந்தவன், அவ்வளவுதான் என்று.

மாராத்தாளுக்கு மூன்று இழுப்பு தெரியாது. என்ன சொன்னேன் என்பது தெரியும், ஊருக்கே தெரியும். அவள் சண்டை போடவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, அங்கேதான் யார் இருக்கிறார்கள், தம்பி ஒருத்தன் இருந்தான். காப்பி வைப்பாள், துணி துவைப்பாள், அரிசி தீர்ந்துவிட்டது என்பாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பாள். தீர்ந்துபோனதைச் சொல்வதற்கு மட்டும் வாய் திறக்கிற ஒருத்தியோடு எட்டு வருஷம் ஒரே கூரையில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தபோது வந்து உட்கார்ந்திருந்தாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. போன வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எதிரே போய் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு நூல் விவரத்தை முழுசாகச் சொன்னேன், புரிவதற்காக விளக்குமாற்றுக் கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கூடக் காட்டினேன், நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கீரை ஆய்கிற கை நின்றது.

“அவனுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது என்றேன். துப்பாக்கியைக் குறை சொல்ல மாட்டான், அதைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது, தன் கையைத்தான் சந்தேகப்படுவான், கண்ணைச் சந்தேகப்படுவான், கூட வருகிறவர்கள் முதலில் ஆறுதல் சொல்வார்கள், அப்புறம் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அவனுக்கு இந்த வேட்டையை விட்டால் வேறு சந்தோஷம் கிடையாது, அதில் ஒவ்வொரு நாளும் மண்ணைக் கவ்வுவான். சாகிற வரைக்குமா என்று கேட்டாள். சாகிற வரைக்கும் என்றேன். ஒரு உயிருக்கு இது ஈடா என்று அவள் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு அப்புறம் நேராகப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதற்கப்புறம் இந்த ஒரு வாரமாகப் பேசுகிறாள், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி பற்றி, குழாயில் தண்ணீர் வராதது பற்றி, என்னென்னவோ. இன்று காலை நான் சைக்கிளை எடுக்கும்போது வாசல் வரைக்கும் வந்தாள். இன்னிக்குத்தானுங்களே என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பத்து இருபது. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், கட்டையைத் தடவிப் பார்த்தார், தேன் மாதிரி வந்திருக்கிறது வையாபுரி என்றார். அட்டையை எடுத்து வைத்து அளந்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அளக்கவில்லை, அவர் அளந்து இருபது வருஷம் ஆகிறது. அரம் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. சீவினால் பத்து நிமிஷ வேலை. எதற்குச் சீவ வேண்டும், எனக்கென்ன பைத்தியமா. ஆனாலும் இரண்டு நூல் உறுத்துகிறது, சட்டைக்குள் எறும்பு போனதுபோல அந்த இடத்துக்கே கை போகிறது, உள்ளங்கை அங்கே வந்ததும் மெதுவாகிவிடுகிறது. தப்பாக இருக்கிறது என்று கை சொல்கிறது. தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். இந்தக் கைக்கு யாரும் செத்தது தெரியாது, நாச்சிமுத்துவையும் தெரியாது, மாராத்தாளையும் தெரியாது, மேடும் பள்ளமும்தான் தெரியும், நாய்க்கு எஜமானைத் தெரிவதுபோல. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வெளியே கார்ச் சத்தம்.

காரிலிருந்து இறங்குகிறவரைப் பார்த்து அவனுடைய அப்பா என்று நினைத்துவிட்டேன். அப்பா போய்ப் பத்து வருஷமாகிறது. டிரைவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். கோட்டுக்குள் ஆளே இல்லை. சர்க்கரையாம், முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே விசாரிக்கிறார், கடைவாய்ப் பல் எல்லாம் எடுத்தாகிவிட்டதாம், சோறே இறங்குவதில்லையாம், டாக்டர் குடியை நிறுத்தச் சொல்லி நிறுத்தியாகிவிட்டதாம், குளிர்காலத்தில் காட்டுக்குப் போவது ஒன்றுதான் மிச்சமாம். எல்லாம் காதில் விழுகிறது. நான் அவன் வலது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னு மாதிரி உப்பியிருந்த கன்னம், அட்டையில் நான் எண் போட்டு எழுதிவைத்த கன்னம், பல் போன இடத்தில் உள்ளே வாங்கிக் குழி விழுந்து கிடக்கிறது. எவ்வளவு குழி. கேட்கவே வேண்டாம், கண் அளந்துவிட்டது, இரண்டு நூல். இல்லை, ஒன்றரைதான் இருக்கும். அல்லது மூன்று. மூன்றாக இருக்கட்டும் சாமி, மூன்றாக இருந்தால் இன்னொரு பக்கமாகத் தப்பாகும். நடப்பது, நிற்பது எல்லாம் என் கால்தான், ஆனால் யாரோ நடந்து போவதுபோல எடுத்துக்கொண்டு போனேன். திறந்தேன், சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், மூடினேன், கொடுத்தேன்.

“பழைய அளவுதானே வையாபுரி?”

“பழைய அளவேதானுங்க.”

வாங்கினதும் அவன் முகம் மாறியது. எனக்குத் தெரியும் அந்த மாற்றம், நல்ல துப்பாக்கி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருவது. முதுகு நிமிர்ந்தது. டிரைவர் விலகிக்கொண்டான். எதிரே மூன்று தப்படியில் போய் நின்றேன், என் வலது கண்ணைப் பார்த்து நீட்டுங்க என்றேன், என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது. அவன் சிரிக்கவில்லை. தூக்கினான். குழல் இரண்டும் என் முகத்துக்கு வந்தன, இரண்டு கறுப்பு வட்டம், அதன் மேலே நடுப்பட்டை, அதன் நுனியில் குறிக்கு வைத்த சின்னப் பித்தளை மணி, அதற்குப் பின்னால், மணிக்கு நேர் பின்னால், ஒரு மயிரிழை மேலுமில்லை கீழுமில்லை, இடமுமில்லை வலமுமில்லை, அவன் கண். இறக்கச் சொன்னேன். மறுபடியும் தூக்கச் சொன்னேன். அதே இடம். கண்ணை மூடிக்கொண்டு தூக்குங்கள், தோளில் வைத்த பிறகு திறங்கள் என்றேன், அது யாரும் முழுசாகத் தேறாத பரீட்சை, எல்லோருக்கும் கொஞ்சம் தவறும். மூடினான், தூக்கினான், திறந்தான். ஈரமான, கிழட்டு, மஞ்சள் படிந்த கண் அது, நேராக என்னைப் பார்த்தது. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு பொருத்தம் நான் பார்த்ததில்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இடிக்குதுங்க, ரெண்டு நூல் சீவணும் என்று சொன்னால் போதும். அவன் கொடுத்துவிடுவான், முதலாளி தலையை ஆட்டுவார், நான் அரத்தை எடுத்துப் பத்து நிமிஷத்தில் அட்டையில் இருக்கிற அளவுக்கு இறக்கிவிடுவேன், கண் கீழே போய் ஒளிந்துகொள்ளும், அவன் வாழ்க்கை முழுக்கக் குண்டு மண்ணில் போகும், மேலே போனால் என்ன கீழே போனால் என்ன. அந்த வார்த்தை நாக்கில் வந்து நின்றது. நாச்சிமுத்துவை நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன், அவன் கிடந்த கிடையை, எட்டு வருஷம் நினைக்காமல் தள்ளி வைத்திருந்ததை இழுத்து முன்னால் வைத்தேன். மாராத்தாளை நினைத்தேன். எல்லோரும் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த மணியும் பட்டையும் கண்ணும் ஒரே கோட்டில் நின்றன, அதை என் கை செய்திருந்தது, அதன் மேல் ஒரு அரத்தை எப்படி வைப்பது. உடம்பெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் பரவியது. கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. இங்கே என்னை மிரட்ட யாருமில்லை, லைசென்ஸ் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, நோய்க்காரன் ஒருத்தன், நாற்காலியில் ஒரு முதலாளி. பயம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மண்ணும் இல்லை.

“சரியா இருக்குங்க,” என்றேன்.

அவன் இறக்கினான். பழைய அளவிலேயே செய்தும் இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே, ஆள்தான் இளைத்திருக்கிறேன், மற்றபடி அப்படியேதான் இருக்கிறேன் போலிருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னான், சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டான். எலும்பாக, சில்லென்று இருந்தது. நான் உருவிக்கொள்ளவில்லை. மெருகுக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றேன், கட்டையில் வெயில் படாமல் வையுங்கள் என்றேன், வழக்கமாகச் சொல்வது எல்லாவற்றையும் சொன்னேன். கார் போனது. முதலாளி மாடிக்குப் போனார். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும், சைக்கிளை மிதித்தால் கால் மணி நேரம். மாராத்தாள் வாசலில் நின்றாலும் நிற்பாள். உடனே கேட்கமாட்டாள், கை கால் கழுவ விடுவாள், இலையைப் போட்டுவிட்டு நிற்பாள், அப்புறம் கேட்பாள், கண்ணு மேல நின்னுச்சுங்களா என்று. நின்னுச்சு என்பேன். ரெண்டு நூலுமா என்பாள். ரெண்டு நூலும் என்பேன். அவள் சிரிப்பாள், எட்டு வருஷத்துக்கு அப்புறம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள், நான் சாப்பிடுவேன்.